பிறர் தோட்டம் தழைக்கும் பருவத்தில் சொந்தப் பாத்தி காய்கிறது: என்ன செய்யலாம்?

ஈரமண் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நானும் என் தம்பியுமாகத் தோட்டம் அமைத்துப் பராமரித்துக் கொடுக்கும் சிறு தொழிலொன்றை ஆறு ஆண்டுகளாக நடத்திவருகிறோம். வேலை மிகும் மாதங்களில் மட்டும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்வோம். புல்வெளி வெட்டுவது, வேலிச்செடிகளுக்குக் கவாத்து செய்வது, மரக்கன்று நடுவது, சொட்டுநீர்க் குழாய் பதிப்பது ஆகியவைதான் எங்கள் அன்றாட வேலை. வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்திகளில் காய்கறியும் பயிரிடுகிறேன். தொழிலுக்கு வருவதற்கு முன்பே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சொல்லப்போனால் அந்தப் பாத்திகளின் மீதிருந்த ஆசைதான் என்னை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தது.

ஆனால் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தோற்கிறேன். மண் பதமாகி விதையும் நாற்றும் போட வேண்டிய அதே நான்கு வாரங்களில்தான் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒன்றாக அழைக்கிறார்கள். புல் வேகமெடுக்கிறது, வேலிச்செடி துளிர்த்து உருக்குலைகிறது, கன்று நட வேண்டியவர்கள் காத்திருக்க மறுக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும்போது என் தக்காளி நாற்று குழித்தட்டிலேயே வேர் சுற்றி, தண்டு நீண்டு, முதல் பூவையும் அங்கேயே விட்டுவிடுகிறது. மூன்று வாரம் தாமதமாக நட்டால் அது காய்பிடிக்க வேண்டிய நேரம் கடும் வெயிலில் போய் விழுகிறது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டி இரவும் குளிராமல் இருந்தால் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. வெண்டையோ பறிக்க ஆளின்றி முற்றி நாராகிறது.

இந்த ஆண்டு இன்னொரு வருத்தமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்பதற்காக, வேலைக்குப் போன இடங்களிலிருந்து கொண்டுவந்த புல்வெட்டைப் பாத்திகளில் மூடாக்காகப் பரப்பினேன். செடிகளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். இப்போது தக்காளியின் நுனி இலைகள் கோப்பைபோல் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. நீர்க்குறைவால் வந்ததா என்று தெரியவில்லை.

தொழிலையும் பாத்தியையும் ஒருசேர நடத்துபவர்கள் பருவத்தை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

வேலியோரம்

வணக்கம் ஈரமண். இதே தொழிலில் எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் பத்து ஆண்டுகள் நீங்கள் எழுதியிருப்பதைப் போலவேதான் கழிந்தன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் இரண்டு நாட்காட்டிகளைக் கையில் வைத்திருக்கிறோம். விதைப்பு நாட்காட்டி எந்தப் பயிரை எப்போது போடலாம் என்று சொல்கிறது. தொழில் நாட்காட்டி நம் கைகள் எப்போது ஓய்வாக இருக்கும் என்று சொல்கிறது. நான் செய்த தவறு, முதலாவதை மட்டும் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுத்ததுதான். விதை போடும் நாளைக் காட்டிலும், அந்தப் பயிர் நம் கையை எந்தெந்த வாரங்களில் கேட்கும் என்பதே நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். ஒரு தாளில் ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களையும் கோடிட்டு, மூச்சுவிட முடியாத வாரங்களைச் சிவப்பால் தீட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பயிரையும் அந்தத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள்.

வெண்டை, வெள்ளரி, பீன்ஸ் மூன்றும் காய்க்கத் தொடங்கிவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆள் கேட்கும். வெண்டைக்கு அந்த நிலை விதைத்த 45 முதல் 50 நாட்களில் வந்துவிடும். ஆகவே சிவப்பு வாரங்கள் முடியும் நாளிலிருந்து ஐம்பது நாள் பின்னோக்கி எண்ணி, அதற்கு முன்பாக வெண்டை விதைப்பதில்லை என்று முடிவுசெய்துகொண்டேன். பூசணிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. சர்க்கரைவள்ளிக் கொடி நிலத்தை மூடிவிட்டால் களையும் எழாது. மூன்று நான்கு மாதம் கழித்துத் தோண்டினால் போதும். பூசணி முற்றிய பிறகும் கொடியிலேயே சில நாள் பொறுத்திருக்கும், பறித்து வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாது. முள்ளங்கியும் கீரையும் நேரெதிர். ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் வேலை தணிந்த எந்த இடைவெளியிலும் அவற்றை நுழைத்துவிடலாம். மஞ்சளும் மரவள்ளியும் முக்கால் ஆண்டு மண்ணில் கிடக்கும். நடும் நாளிலும் தோண்டும் நாளிலும் மட்டுமே முழு உழைப்பைக் கேட்கும்.

மழை நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தோட்டத்தில் இறங்க முடியாத மழை நாளில் நம் பாத்தியைக் கொத்திக்கொள்ளலாம் என்று எல்லோரும் திட்டமிடுகிறோம். ஆனால் அங்கே இறங்க முடியாத மண் இங்கேயும் இறங்க முடியாத மண்தான். ஈரம் மிகுந்த நிலத்தைக் கொத்தினாலோ மிதித்தாலோ காற்றறைகள் நசுங்கிக் கட்டியாகிவிடும். அந்தக் கேடு அந்தப் பருவம் முழுவதும் நீடிக்கும். ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் விட்டுவிடுங்கள். எனவே பாத்தியைத் தயாரிக்கும் வேலை முழுவதையும் வேலை குறைந்த மாதங்களுக்குத் தள்ளிவிடுகிறேன். கிளறி, மட்கு உரம் சேர்த்து, மூடாக்கு போட்டு மூடிவைத்துவிட்டால், பருவம் தொடங்கிய பிறகு வரும் மழை நாளில் பாத்தியோரம் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று, மூடாக்கை விலக்கிக் கையளவு குழி எடுத்து நாற்றை வைத்துவிடலாம். மேகம் மூடிய நாளில் நட்ட நாற்று வாடுவதும் குறைவு. ஐம்பது நாற்றை நடுவதற்கு எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

விதைப்பெட்டி

வேலியோரம் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. வெண்டையும் கீரையும் பறித்தவுடன் சுவைக்கத்தான் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறோம். கையைக் கேட்காத பயிராகவே தேர்ந்தெடுத்தால் பாத்தி பிழைத்துவிடும், ஆனால் அதை வைத்திருந்த மகிழ்ச்சி போய்விடும்.

ஈரமண் அவர்களே, உங்கள் சிக்கல் பயிர்த் தேர்வைவிடப் பரப்பளவில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஐந்து பாத்திகள் ஓய்வாக இருக்கும் ஒருவருக்கான கணக்கு. வேலை மிகும் காலத்தில் இரண்டு பாத்திகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை சமையலறை வாசலுக்கும் நீங்கள் வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் இடையில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நடக்கும் வழியில் இருக்கும் செடியைத்தான் களைத்த மனிதன் கவனிப்பான். மற்ற மூன்றிலும் சணப்பையோ தட்டைப்பயறையோ அடர்த்தியாக விதைத்துவிட்டு, பூக்கத் தொடங்கியதும் அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். வேர் முடிச்சுகள் வழியாகத் தழைச்சத்து சேரும், களை அடங்கும், மண்ணும் வெறுமையாகக் கிடக்காது. வேலை தணிந்ததும் அந்தப் பாத்திகள் உங்களுக்குப் பதமாகக் காத்திருக்கும்.

மட்குகுழி

மன்னிக்கவும், நான் வேறொரு பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. தொடக்கப் பதிவின் கடைசிப் பகுதி என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. அந்தப் புல்வெட்டு எந்தப் புல்வெளியிலிருந்து வந்தது, அங்கே கடந்த சில மாதங்களில் களைக்கொல்லி தெளித்தார்களா என்று உங்களுக்குத் தெரியுமா?

நீர் குறைந்தால் தக்காளி இலை துவளும், கீழிலைகள் மேல்நோக்கிச் சுருளும், தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். நுனித் துளிர் குவிந்து, தண்டு முறுக்கிக்கொள்வது வேறு வகை. வைரஸ் நோயிலும் இலை சுருளும். ஆனால் அது பொதுவாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் ஒன்றாகத் திருகிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பீன்ஸும் அதே கோலத்தில் நின்று, நடுவில் முளைத்த புல் மட்டும் செழிப்பாக இருந்தால், களைக்கொல்லி எச்சத்தைத்தான் நான் முதலில் ஐயுறுவேன்.

புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்துகளில் குளோபைராலிட், அமினோபைராலிட் என்ற இரண்டும் எளிதில் சிதையாதவை. தெளித்த புல்லை வெட்டினால் அந்த வெட்டிலும் அவை இருக்கும், மட்கவைத்தாலும் போகாது. 55 பாகைக்கு மேல் சில நாட்கள் கொதித்த குவியலில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும், இந்த மருந்துகளோ தப்பிவிடும். தெளித்த மேய்ச்சல் நிலத்துப் புல்லைத் தின்ற கால்நடையின் சாணத்திலும் அவை அழியாமல் வெளிவரும். 2008இல் பிரிட்டனில் தொழு உரம் போட்ட காய்கறித் தோட்டங்கள் பல இப்படித்தான் பாதிக்கப்பட்டு, அமினோபைராலிட் விற்பனையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. தக்காளி, உருளை, பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றுக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், உருக்குலைந்துவிடும். மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களை அவை தொடுவதில்லை.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பத்துத் தோட்டங்களின் புல்லும் சருகும் ஒரே வண்டியில் ஏறுகின்றன. வீட்டுக் குவியலில் அவை ஒன்றாகக் கலந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை.

நீங்களே சோதித்துவிடலாம். நல்ல நடவுக் கலவை மட்டும் நிரப்பிய மூன்று தொட்டிகளும், அதே கலவையோடு உங்கள் பாத்தி மண்ணையோ மட்கையோ சரிபாதியாகக் கலந்த மூன்று தொட்டிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதைகளை ஊன்றி, ஒன்றின் வடிகால் நீர் மற்றொன்றில் படாதபடி தனித்தனித் தட்டுகளில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் மூன்று கூட்டிலைகள் விரியும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஈரமண்

மட்குகுழி அவர்களுக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பீன்ஸும் அதே கோலத்தில்தான் இருக்கிறது. பாத்தியோரத்துப் புல்லில் ஒரு குறையும் இல்லை.

வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒருவர் வீட்டுப் புல்வெளிக்குக் களை மருந்து அடிக்க வேறொருவரை அமர்த்தியிருக்கிறார். நான் புல்வெட்டை எடுத்துவந்ததற்கு ஆறு வாரம் முன்பு தெளிப்பு நடந்திருக்கிறது. எந்த மருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வெட்டிய புல்லை நான் எங்கே கொண்டுபோகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்க வேண்டியவன் நான். இன்று ஆறு தொட்டிகளும் வைத்துவிட்டேன்.

கத்திமுனை

சோதனையின் முடிவு வரட்டும். அதுவரை, புல்வெட்டை எடுத்துவரும் பழக்கத்தையே மறுபடி யோசிக்கலாம் என்பது என் எண்ணம். ஒரு முறைக்கு இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாமல், கூரான கத்தியால் பொடியாக வெட்டி அங்கேயே உதிரவிட்டால், அந்தப் புல்வெளிக்கு ஓராண்டில் தேவைப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைத்துவிடும். அள்ளுவதும் ஏற்றுவதும் இல்லாததால் உங்களுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நேரம் மிஞ்சும். உங்கள் பாத்திக்கு வேண்டிய நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதற்குக் கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி புல்லை அறுக்காமல் கிழிக்கும். மறுநாளே நுனிகள் பழுப்பாகி வெளி முழுவதும் வெளிறித் தெரியும். புல்வெட்டும் பொறியில் பெட்ரோலை வைத்துக்கொண்டே வேலையில்லாத மாதங்களைக் கடத்துவதும் நம்மிடையே பலர் செய்யும் தவறு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். கடைசி வெட்டு முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, எண்ணெய் மாற்றி, தீப்பொறிச் செருகியைப் பார்த்து, அடிப்பகுதியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி வைத்துவிடுங்கள். பருவத்தின் முதல் வாரத்தில் இயந்திரம் கிளம்பாமல் இரண்டு நாள் போனால், நாற்று நட ஒதுக்கியிருந்த மாலைகள்தான் முதலில் பறிபோகும்.

வேலியோரம்

கத்திமுனை சொன்னது சரி. அதோடு பணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், ஏனென்றால் வேலை மிகும் வாரங்களில் ஒரு வேலையையும் மறுக்க முடியாமல் போவதற்கு மெலிந்த மாதங்களைப் பற்றிய அச்சமே காரணம். குளிரோ வறட்சியோ வந்து புல் உறங்கிவிட்டால் வருமானமும் உறங்கிவிடுகிறது. அந்த நினைப்பில் பருவத்தில் வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறோம். நான் நிலையான வாடிக்கையாளர்களுடன் ஆண்டு ஒப்பந்தம் செய்து, ஓராண்டு வேலையின் தொகையைப் பன்னிரண்டு சம பங்காக வாங்கத் தொடங்கினேன். வெட்டு அதிகமுள்ள மாதமும் வெட்டே இல்லாத மாதமும் ஒரே அளவில் கைக்கு வருகின்றன. மெலிந்த மாதங்களுக்குக் கவாத்து, மூடாக்கு புதுப்பித்தல், பாதை சீரமைத்தல் ஆகியவற்றை ஒதுக்கினேன். பழைய கிளையில் பூக்கும் செடிகளை மட்டும் அப்போது தொடக்கூடாது. பூ முடிந்த கையோடு வெட்டாவிட்டால் அடுத்த ஆண்டின் மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவோம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் பருவத்தின் நடுவில் வரும் புதிய வேலையை எனக்கு மறுக்க முடிந்தது. வாரத்தில் ஒரு மாலை வீட்டுக்கென்று நின்றது.

தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்றீர்கள். பிறர் வீட்டில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் நீங்கள் உங்கள் வீட்டில் பூவாளியோடு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நின்றேன். வேலை குறைந்த மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கி, நேரங்காட்டியுடன் குழாய் பதித்துவிடுங்கள். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்ற பொதுக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். அதைத் தினமும் தெளிப்பதைவிட இரண்டு மூன்று தவணையாக ஆழமாகக் கொடுத்தால் வேர் கீழே இறங்கும். மணற்பாங்கான மண்ணுக்கு மட்டும் தவணையைக் கூட்டுங்கள். மேலே ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மூடாக்கு போதும். மரச்சீவலைப் போட்டால் மேலேயே கிடக்கட்டும். மண்ணோடு கலந்தால் அது மட்கும்போது தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

விதைப்பெட்டி

கூடுதலாக இருவரைச் சேர்ப்பதாகத் தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அவர்களை எப்போது சேர்க்கிறீர்கள்? நெருக்கடி வந்த பிறகா? என் குடும்பத்தில் ஒருவர் வெயிலில் வேலைசெய்து மயங்கி விழுந்ததால் கேட்கிறேன். வெயிலுக்குப் பழகாத உடம்பை முதல் நாளே முழு வேலையில் இறக்கக்கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவது என்பதுதான் பாதுகாப்பு நூல்கள் சொல்லும் முறை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கவேண்டும். நெருக்கடிக்கு ஒரு வாரம் முன்பே அவர்களை அழைத்தால் அவர்கள் உடம்பும் பழகும். அந்த ஒரு வாரத்தில் உங்களுக்கும் இரண்டு காலைப் பொழுதுகள் மிஞ்சும். பாத்தியைவிட இது முக்கியம் என்பதால் எழுதினேன்.

ஈரமண்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நடவுக் கலவை மட்டும் இருந்த மூன்று தொட்டிகளிலும் பீன்ஸ் தட்டையான அகன்ற இலைகளோடு நிற்கிறது. பாத்தி மண் கலந்த மூன்றிலும் முதல் இரு இலைகளே குவிந்து வந்தன. அதற்குமேல் வந்த கூட்டிலைகள் நரம்போடு நரம்பு ஒட்டிச் சுருங்கியிருக்கின்றன. ஆறையும் வரிசையாக வைத்துத் தம்பிக்கும் பணியாளர்களுக்கும் காட்டினேன். சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

தக்காளியைப் பிடுங்கிவிட்டேன், அதை மட்குக் குவியலில் சேர்க்கவில்லை. எஞ்சிய புல்வெட்டை அதே வாடிக்கையாளரின் இசைவோடு அவருடைய புல்வெளியிலேயே மெல்லியதாகப் பரப்பிவிட்டேன். பாதிக்கப்பட்ட மூன்று பாத்திகளிலும் மக்காச்சோளம் விதைத்திருக்கிறேன். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைக்கக் காலம் கொடுத்து, ஒவ்வொரு பருவ முடிவிலும் பீன்ஸ் சோதனையைத் திரும்பச் செய்த பிறகே அங்கே தக்காளி போடுவேன். இரண்டு பாத்திகளோடு நிறுத்திக்கொள்ளும்படி விதைப்பெட்டி சொன்னது இப்படிக் கட்டாயமாகவே நிறைவேறிவிட்டது. மீதமுள்ள இரண்டில் ஒன்றில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டிருக்கிறேன், மற்றதில் கீரை.

வாடிக்கையாளர் படிவத்தில் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: கடந்த ஓராண்டில் இந்தப் புல்வெளிக்கு யார், எந்த மருந்தை, எந்த நாளில் தெளித்தார்கள்? விடை தெரியாத வீட்டுப் புல் அந்த வீட்டிலேயே தங்கும். கத்திமுனை சொன்னபடி உதிரவிட்டு வெட்டத் தொடங்கியதில் ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. வேலியோரம் ஐயாவின் ஐம்பத்திரண்டு வாரத் தாளும் சுவரில் ஏறிவிட்டது. ஏழு வாரங்கள் சிவப்பாக இருக்கின்றன. நான் எட்டிலிருந்து பத்து வரை இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெண்டைக்குப் பின்னோக்கி எண்ணியதில் இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் குழாய் பதித்துவிட வேண்டும் என்று தம்பி சொல்கிறான்.

மட்குகுழி

சோதனையை முடித்து எழுதியதற்கு நன்றி. ஒரு சிறு குறிப்பு: அந்த மக்காச்சோளத் தட்டையை அறுத்த பிறகு வேறு பாத்திக்கோ குவியலுக்கோ கொண்டுபோகாதீர்கள், செடி உறிஞ்சிய எச்சம் அதிலும் இருக்கக்கூடும். அதே பாத்தியிலேயே துண்டாக்கிக் கிளறிவிடுங்கள். அடுத்த சோதனைக்கு மண் எடுக்கும்போது மூன்று பாத்திகளையும் கலக்காமல் தனித்தனியாக எடுங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் தேறும் என்று எதிர்பார்க்க முடியாது.